முதலில் எதை எடுப்பது?

பழைய பாட்டைப் புதிதாகப் பாடிய ஒலிப்பதிவுகள் இந்த இதழின் மதிப்புரைப் பகுதிக்கு நிறைய வருகின்றன. பெரும்பாலானவற்றில் குரலில் குறையில்லை. கார்டுகள் என்ற ஸ்வரக் கூட்டுகள்தான் மூச்சு முட்ட வைக்கின்றன. மூன்று கார்டில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பாட்டின் மேல் நைன்த், தர்ட்டீன்த் என்று கூடுதல் ஸ்வரங்கள் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. அதையே ஜாஸ் என்று அட்டையில் போட்டுவிடுகிறார்கள்.

இவர்கள் ஜாஸ் பாடகி கசாண்ட்ரா வில்சனின் 'நியூ மூன் டாட்டர்' ஆல்பத்தை ஒரு முறையாவது வாத்தியம் வாத்தியமாகப் பிரித்துக் கேட்க வேண்டும். 1990-களின் நடுவில் ப்ளூ நோட் நிறுவனம் வெளியிட்டது. 1997-இல் சிறந்த ஜாஸ் குரலிசைக்கான கிராமி வாங்கியது. பில்லி ஹாலிடே 1939-இல் பதிவுசெய்த 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்', ஹோகி கார்மைக்கேலின் 'ஸ்கைலார்க்', ஹேங்க் வில்லியம்ஸின் நாட்டுப்புறப் பாணிப் பாட்டு, நீல் யங், யூ2, போதாததற்கு மங்கீஸ். பட்டியலைப் பார்த்தால் கல்யாண மண்டபத்துக் கச்சேரி மாதிரி இருக்கும். கேட்டால் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

எப்படி நடந்தது? வில்சனும் தயாரிப்பாளர் க்ரெய்க் ஸ்ட்ரீட்டும் எதையும் சேர்ப்பதற்கு முன்னால் பியானோவை நடுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பியானோவோடு பாடத் தெரியாதவர் அல்ல அவர். 1988-இல் வந்த 'ப்ளூ ஸ்கைஸ்' முழுக்க முழுக்க ஸ்டாண்டர்டுகள், அதாவது ஜாஸ்காரர்கள் திரும்பத் திரும்பப் பாடும் பழைய பாட்டுகள். முல்க்ரூ மில்லரின் பியானோவை மையமாக வைத்த மூவர் குழுதான் பக்கவாத்தியம். ஆனால் பியானோ ஒவ்வொரு கார்டின் நிறத்தையும் மூன்றாம் ஸ்வரம், ஏழாம் ஸ்வரம் வரை சொல்லி முடித்துவிடுகிறது. அதன் நடுப்பகுதி ஒலிக்கும் இடத்தில்தான் வில்சனின் தாழ்ந்த குரலும் நிற்கிறது. இருவரும் ஒரே நாற்காலிக்குப் போட்டி. பியானோ போனதும் மேலே கிதார் கம்பிகள், கீழே பாஸ், ஓரத்தில் தாளவாத்தியங்கள், நடுவே காலி இடம். குரல் அங்கே வந்து உட்காருகிறது. மைக்கும் கிட்டத்தில் இருப்பதுபோல் கேட்கிறது. மூச்சு, உதட்டசைவு எல்லாம் பதிவாகியிருக்கின்றன.

'ஸ்கைலார்க்' பாட்டைப் பாருங்கள். ஜானி மெர்சர் வரிகள் எழுதிய இந்த 1940-களின் பாட்டில் ப்ரிட்ஜ் என்ற நடுப்பகுதி சுருதி விட்டுச் சுருதி தாவும். பியானோக்காரர்கள் கை வரிசை காட்டக் காத்திருக்கும் இடம் அது. இங்கே கிப் வார்ட்டனின் பெடல் ஸ்டீல் கிதார், ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிப் போகும் அந்த வாத்தியம், மாற்றத்தின் மூலைகளை மழுக்கிவிடுகிறது. நகர்ப்புற ஸ்டாண்டர்ட் கிராமத்துப் பாட்டாகிறது. ஹார்மனியைப் புரட்டிப் போடாமலேயே.

'லாஸ்ட் ட்ரெயின் டு க்ளார்க்ஸ்வில்' இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. தொலைக்காட்சித் தொடருக்காகச் சேர்க்கப்பட்ட மங்கீஸ் குழுவின் 1966 வெற்றிப் பாட்டு. படைக்குப் போகும் இளைஞன் ஒருவன் காதலியை ரயிலடிக்கு வரச் சொல்கிறான். திரும்பி வருவானா என்பது அவனுக்கே தெரியாது. வியட்நாம் போர்க்காலம். எழுதிய இருவரில் ஒருவரான பாபி ஹார்ட் இதைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மூலத்தின் துள்ளலில் அந்தப் பயம் காதில் விழாது. வில்சன் வேகத்தைத் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கிப் பாடும்போது விழுகிறது. தேடிப்பிடித்த அர்த்தமில்லை அது; வரிகளில் ஏற்கெனவே இருந்ததுதான்.

ஆல்பம் முழுவதும் இப்படி வென்றுவிடவில்லை. யூ2-வின் 'லவ் இஸ் ப்ளைண்ட்னெஸ்' 1991-இல் வந்தபோதே மெதுவானது, இருண்டது. அதற்கு இன்னும் இருட்டுப் பூசி என்ன பயன்? 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' முடிந்த கையோடு அதை வைத்ததால் இரண்டாவது பாட்டிலேயே தேங்கல். பாட்டுத் தேர்வு என்பது பிடித்த பாட்டைத் தேர்ந்தெடுப்பதல்ல; எடுப்பதற்கு ஏதாவது மிச்சமிருக்கும் பாட்டைத் தேர்ந்தெடுப்பது.

இந்த வழியைப் பின்னால் பலர் பிடித்துக்கொண்டார்கள். நோரா ஜோன்ஸின் 2002 ஆல்பம் 'கம் அவே வித் மீ' கோடிக்கணக்கில் விற்றதே, அதிலும் ஹேங்க் வில்லியம்ஸ் உண்டு, கார்மைக்கேல் உண்டு. அதன் பதிவில் ஒரு கட்டத்தில் க்ரெய்க் ஸ்ட்ரீட்டும் இருந்தார். ஆனால் நோரா பியானோவில் உட்கார்ந்தே பாடினார், அவர் குரலுக்கு அது இடைஞ்சலாக இல்லை. வில்சனும் 2008-இல் 'லவர்லி' என்ற ஸ்டாண்டர்ட் ஆல்பத்துக்கு ஜேசன் மோரனைப் பியானோவுக்கு அழைத்துக்கொண்டார். அதற்கும் கிராமி கிடைத்தது. ஆகவே பியானோவைத் தடைசெய்யச் சொல்வதாக யாரும் கடிதம் எழுத வேண்டாம்.

மதிப்புரைக்கு ஒலிப்பதிவு அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பாடகர்களில் பலர் உச்சஸ்தாயி எட்டுகிறதா என்று பார்த்துத்தான் சுருதியை முடிவுசெய்கிறார்கள். பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் உங்கள் குரலில் எப்படி ஒலிக்கிறது என்று பார்த்தும் ஒரு பதிவு எடுங்கள். இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். எந்த வாத்தியத்தை நீக்கினீர்கள் என்று ஒரு வரி குறிப்பும் இருக்கட்டும்.