கண்ட்ரோலர் வேலை செய்கிறது. அதற்காக யார் வேலை செய்கிறார்கள்?

கூகல் நிறுவனம் தனது ஸ்டேடியா இணைய விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரி 18ஆம் தேதி மூடியது. வாடிக்கையாளர்கள் வாங்கியிருந்த விளையாட்டுகளுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சேவை போய்விட்டது. ஆனால், அந்தச் சேவைக்காகவே தயாரித்து விற்கப்பட்ட கண்ட்ரோலர்கள் குப்பைக்குப் போகவில்லை. யூஎஸ்பி கம்பியில் இணைத்தால் அவை கணினியில் வழக்கம்போல வேலை செய்தன. கம்பியில்லாமல் பயன்படுத்த விரும்பியவர்களுக்குப் புளூடூத்தைத் திறந்துவிடும் ஒரு வசதியையும் கூகல் வெளியிட்டது. முதலில் 2023 இறுதிவரை என்று கெடு வைத்து, பிறகு அதை நீட்டித்தது.

ஸ்டேடியா சிங்கப்பூருக்கு வரவே இல்லை. இருந்தாலும், அது எழுப்பும் கேள்வி நம் வீட்டு மேசைக்கும் பொருந்தும். காசு கொடுத்து வாங்கிய ஒரு கருவி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பொத்தானின் தரமும் கம்பியின் உறுதியும் அதில் பாதிதான். மறுபாதி, கணினியின் இயங்குதளத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய நிரல். அதன் பெயர் இயக்கி, ஆங்கிலத்தில் டிரைவர். அந்த இயக்கியை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் மனிதர்களைப் பற்றி நாம் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை.

இயக்கி என்ன செய்கிறது?

கண்ட்ரோலரில் நாம் ஒரு பொத்தானை அழுத்தும்போது, கணினிக்குப் போவது வெறும் எண்களின் வரிசை. அதில் எந்த எண் எந்தப் பொத்தான், எது இடது குச்சியின் அசைவு என்பதை விளங்கிக்கொண்டு விளையாட்டுக்குச் சொல்வதுதான் இயக்கியின் வேலை.

விசைப்பலகை, சுட்டி, கண்ட்ரோலர் போன்றவற்றுக்கு எச்ஐடி என்ற பொதுத்தரம் 1990களிலேயே வந்துவிட்டது. இதைப் பின்பற்றும் கருவி, கணினியில் செருகியவுடன் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும். தன்னிடம் எத்தனை பொத்தான்கள், எத்தனை அச்சுகள், எத்தனை இலக்கங்களில் தகவல் வரும் என்ற விவரக்குறிப்பை அதுவே அனுப்பும். ஸ்டேடியா கண்ட்ரோலர் பிழைத்ததற்குக் காரணம் இதுதான். பொதுமொழியில் பேசிய கருவிக்குத் தனி மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

எல்லா நிறுவனங்களும் பொதுமொழியில் பேசுவதில்லை. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360, மைக்ரோசாஃப்ட்டின் சொந்த முறையைப் பயன்படுத்தியது. அதன் கம்பிவழிக் கண்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் 20 பைட் கொண்ட ஒரு பொதியை அனுப்பும். எந்த பைட்டில் என்ன இருக்கிறது என்பதைக் கருவி சொல்லாது. பின்னர் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கண்ட்ரோலர், கணினி முதலில் ஒரு தொடக்கச் செய்தியை அனுப்பாவிட்டால் வாயே திறக்காது. விண்டோசில் இதற்கான இயக்கியை மைக்ரோசாஃப்ட்டே தருகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் இந்தப் பொறுப்பு, 2002இல் தொடங்கப்பட்ட எக்ஸ்பேட் என்ற இயக்கியின் தலையில் விழுந்தது. தனக்குத் தெரிந்த கருவிகளின் அடையாள எண்களை அது ஒரு நீண்ட அட்டவணையாக வைத்திருக்கிறது. தயாரிப்பாளருக்கு ஓர் எண், மாடலுக்கு ஓர் எண் என்று ஒவ்வொரு வரியும் ஒரு கண்ட்ரோலர். அட்டவணையில் இப்போது நூற்றுக்கணக்கான வரிகள் உள்ளன.

எழுதுவது ஒரு முறை, பார்த்துக்கொள்வது பல ஆண்டு

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு நிரல் எழுதக் கற்றுத் தருகிறார்கள். எழுதி, சமர்ப்பித்து, மதிப்பெண் வாங்கியதும் கதை முடிந்துவிடும். இயக்கிகளின் உலகத்தில் கதை அங்கேதான் தொடங்குகிறது.

முதல் சிக்கல், கருவி கையில் இல்லாதது. புதிய மாடலை வாங்கிய ஒருவர், அட்டவணையில் சேர்க்கச் சொல்லி ஒரு வரித் திருத்தத்தை அனுப்புகிறார். பராமரிப்பாளரிடம் அந்த மாடல் இருக்காது. சந்தையில் உள்ள அத்தனை கண்ட்ரோலர்களையும் வாங்கிச் சோதிக்க யாராலும் முடியாது. அனுப்பியவரின் சொல்லையும், தன் அனுபவத்தையும் நம்பித்தான் அவர் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டாவது, போலிகள். மலிவு விலைக் கண்ட்ரோலர்கள் பல, அசல் எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரின் அடையாள எண்ணையே போட்டுக்கொண்டு வருகின்றன. பெயர் ஒன்று, குணம் வேறு. அசலுக்குத் தேவையில்லாத ஒரு கூடுதல் செய்தியை அனுப்பினால்தான் அவற்றில் சில இயங்கத் தொடங்கும். அதற்காக எக்ஸ்பேட் இயக்கியில் தனி வரிகள் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தால் அசல் கருவிகள் கெட்டுவிடக் கூடாது என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். பயனரிடம் நேற்றுவரை வேலை செய்த ஒன்றை இன்றைய மாற்றம் கெடுக்கக் கூடாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் விதி. ஒரு வரியைச் சேர்ப்பது சுலபம். சேர்த்ததால் வேறு எங்கே உடையும் என்று கணிப்பதுதான் உழைப்பு.

இதில் நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலருக்கான லினக்ஸ் இயக்கியைச் சோனி நிறுவனமே எழுதிக் கொடுத்தது. 2021 ஏப்ரலில் வந்த 5.12 பதிப்பில் அது சேர்ந்தது. நிண்டெண்டோ ஸ்விட்ச் கண்ட்ரோலர்களுக்கான இயக்கி, நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஒருவரின் முயற்சியில் உருவாகி, பல சுற்றுத் திருத்தங்களுக்குப் பிறகு 2022 ஜனவரியில் வந்த 5.16 பதிப்பில்தான் இடம்பிடித்தது. முதலாவதில், கருவியைச் செய்தவர்களின் கையில் எல்லா விவரமும் இருந்தது. இரண்டாவதில், கண்ட்ரோலர் அனுப்பும் எண்களை வெளியிலிருந்து கவனித்து, அவற்றின் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விளையாட்டோடு நிற்காத விஷயம்

“சும்மா கேம் விளையாடத்தானே?” என்று கேட்கலாம். உடற்குறையுள்ளவர்களுக்கு அது அப்படி இல்லை. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரில் 3.5 மில்லிமீட்டர் துளைகள் 19, யூஎஸ்பி துளைகள் இரண்டு உள்ளன. கால் மிதி, பெரிய பொத்தான், வாயால் இயக்கும் குச்சி என்று அவரவர் உடலுக்கு ஏற்ற கருவியை அவற்றில் செருகிக்கொள்ளலாம். நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் வாய்ப்பையே ஒருவருக்கு அது திறந்துவிடலாம்.

அதே மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பர் 12 முதல், தான் அங்கீகரிக்காத துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் தடுக்கத் தொடங்கியது. அத்தகைய கருவியைச் செருகினால் எச்சரிக்கை வரும்; இரண்டு வாரத்துக்குப் பின் வேலை செய்யாது. விளையாட்டில் ஏமாற்றுவதற்கான கருவிகள் புழங்குவதால் இதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால், மாற்றுக் கருவிகளை நம்பியிருந்த உடற்குறையுள்ள விளையாட்டாளர்களும், பழைய ஆர்கேட் குச்சிகளை இணைப்பான் மூலம் பயன்படுத்திய சண்டை விளையாட்டு ரசிகர்களும் கவலை தெரிவித்தார்கள். எது வேலை செய்யலாம் என்ற பட்டியல் ஒரே கையில் இருந்தால், ஒரு மென்பொருள் மாற்றத்தில் நல்ல நிலையில் உள்ள கருவியும் செல்லாக்காசாகிவிடும்.

இன்னொரு பக்கம் பாதுகாப்பு. இயக்கிகளில் பல, இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஓடுகின்றன. அங்கே தவறு நேர்ந்தால் முழுக் கணினியும் விழும். 2024 ஜூலை 19ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அன்று சாங்கி விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைப்பட எழுதிப் பதிவுசெய்தன. அதுவும் கெர்னலுக்குள் ஓடிய மென்பொருள்தான்.

விளையாட்டுக் கருவிகளின் இயக்கிகளும் விதிவிலக்கல்ல. லினக்ஸின் எச்ஐடி பகுதியில் 2013இல் ஒரே நேரத்தில் பல ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. கண்ட்ரோலரை அதிரவைக்கும் வசதிக்காக எழுதப்பட்ட, பலரும் மறந்துபோன சில சிறிய இயக்கிகளும் அவற்றில் அடங்கும். கருவி தன்னைப் பற்றிச் சொல்வதை அந்த நிரல்கள் சரிபார்க்காமல் நம்பின. பொய் சொல்லும் ஒரு யூஎஸ்பி கருவியைச் செருகினால் நினைவகத்தையே கலைக்க முடிந்தது.

இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதைச் செர்பியா காட்டியது. அங்கு ஒரு மாணவப் போராட்டக்காரரின் ஆண்ட்ராய்டு கைப்பேசி, செல்லப்ரைட் நிறுவனத்தின் கருவி மூலம் உடைக்கப்பட்டதாக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2025 பிப்ரவரி 28ஆம் தேதி அறிவித்தது. பூட்டிய கைப்பேசியில், வெப்கேமரா, ஒலிக்கருவி, தொடுபலகை போல நடிக்கும் யூஎஸ்பி கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டன. பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளில் ஒன்று எச்ஐடி பகுதியில் இருந்தது. கண்ட்ரோலர்களும் நம்பியிருக்கும் அதே பகுதி. லினக்ஸில் அதற்கான திருத்தம் 2024 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு அறிவிப்பில் அது 2025 மார்ச்சில்தான் இடம்பெற்றது. மூலத்தில் சரிசெய்யப்பட்டதும், நம் கைக்கு வந்து சேர்வதும் ஒன்றல்ல.

பழையதை வெட்டுவதா, வைத்திருப்பதா?

இங்கே இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. பாதுகாப்பு வல்லுநர்கள், யாரும் பயன்படுத்தாத இயக்கிகளை நீக்கச் சொல்கிறார்கள். இல்லாத கதவை யாராலும் உடைக்க முடியாது. பயனர்களோ, நன்றாக இயங்கும் கருவியை ஏன் மின்கழிவாக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். விண்டோஸ் விஸ்டா 2007இல் வந்தபோது, பழைய கேம்போர்ட் துளைக்கான ஆதரவு கைவிடப்பட்டது. அதில் செருகும் ஜாய்ஸ்டிக்குகள் உடையவில்லை. ஆனால் புதிய விண்டோசுக்கு அவற்றைத் தெரியாமல் போயிற்று.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உருவாகி வருகிறது. 2023இல் லினக்ஸ் 6.3 பதிப்பில் வந்த எச்ஐடி-பிபிஎஃப் வசதி, ஒரு குறிப்பிட்ட கருவியின் கோளாறைச் சரிசெய்யும் சிறு நிரலைக் கெர்னலை மாற்றாமலே தனியாக ஏற்ற உதவுகிறது. ஏற்றும் முன் அந்த நிரலைக் கெர்னல் சோதித்துப் பார்க்கும். பழைய கருவிகளின் விசித்திரங்கள் மையத்தைவிட்டு விளிம்புக்கு நகர்ந்தால், ஆபத்தும் குறையும், கருவியும் பிழைக்கும். ஆனாலும் ஒரு நிபந்தனை மாறாது: அந்தச் சிறு நிரலையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவு யாருடையது?

லினக்ஸின் முக்கியப் பகுதிகளைக் கவனிப்பவர்கள் பலர் பெரிய நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். சிறிய, கவர்ச்சியில்லாத பகுதிகளில் தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் உழைக்கிறார்கள். அப்படி ஒருவர் களைத்துப்போனால் என்னவாகும் என்பதை 2024 மார்ச்சில் உலகம் பார்த்தது. எக்ஸ்இசட் என்ற தகவல் சுருக்க மென்பொருளைத் தனியாளாகக் கவனித்துவந்த தன்னார்வலருக்கு உதவுவதுபோல் வந்த ஒரு போலி நபர், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கையைச் சம்பாதித்து, அதற்குள் ரகசியக் கதவு ஒன்றை வைத்தார். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆராய்ந்ததால்தான் பெரும் சேதம் தவிர்ந்தது.

சட்டங்கள் மெல்ல விழிக்கின்றன. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இணைய மீள்திறன் சட்டம், மின்னிலக்கப் பொருள்களை விற்பவர்கள் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தர வேண்டும் என்கிறது. முக்கிய விதிகள் 2027 டிசம்பர் முதல் கட்டாயமாகும். சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு அமைப்பும் 2020 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளுக்கு நான்கு நிலைகளில் முத்திரை வழங்குகிறது. இவை நல்ல தொடக்கம். ஆனால் இரண்டுமே பாதுகாப்பைப் பற்றியவை. ஒரு நிறுவனம் கடையை மூடியபின் அதன் கருவி தொடர்ந்து இயங்குமா என்ற கேள்விக்கு அவை முழு விடை தருவதில்லை.

என் கருத்து இது: சொந்த முறையில் பேசும் கருவியை விற்கும் நிறுவனம், ஒன்று தானே இயக்கியைப் பராமரிக்க வேண்டும், முடியாவிட்டால், பிறர் பராமரிக்கத் தேவையான விவரங்களை வெளியிட வேண்டும். சோனியால் அது முடிந்திருக்கிறது. விற்பனை லாபம் ஓரிடத்திலும் பராமரிப்புச் சுமை வேறிடத்திலும் இருப்பது நீண்டகாலம் தாங்காது.

மாணவர்களாகிய நமக்கும் இதில் இடம் உண்டு. அடுத்த கண்ட்ரோலரை வாங்கும் முன், அது எச்ஐடி பொதுத்தரத்தில் இயங்குமா என்று ஒரு நிமிடம் பாருங்கள். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள், கருவி இயங்காதபோது “வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதாமல், அடையாள எண், கெர்னல் பதிப்பு, எந்தப் பொத்தானில் கோளாறு என்ற விவரங்களோடு புகார் அனுப்பலாம். கையில் கருவி இல்லாத பராமரிப்பாளருக்கு, கருவி வைத்திருக்கும் நீங்கள்தான் கண். பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணினி படிப்பவர்கள், புதிய செயலி ஒன்றை உருவாக்கும் திட்டப்பணிக்குப் பதிலாக, இருக்கும் ஓர் இயக்கியைச் சோதித்துத் திருத்தும் பணியை எடுத்துக்கொள்ள முன்வரலாம். ஆசிரியர்களும் அதற்கு உரிய மதிப்பெண் தரலாம். நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட அந்த அட்டவணையில் ஒரு வரி நம் ஊரிலிருந்து போனாலும், எங்கோ ஒருவரின் கண்ட்ரோலர் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.