வெல்டிங் ஹெல்மெட் மாற்றப் போகிறீர்களா? கறுப்பை மட்டும் பார்க்காதீர்கள்!

'சித்த வைத்தியருக்கும் வெல்டிங் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பட்டறை வேலை எனக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களைத் தெரியும். முன்பெல்லாம் 'ஆர்க் அடிச்சிருச்சு சார்' என்று வருகிறவர்கள் கிரில் பட்டறைப் பையன்களாக இருப்பார்கள். இப்போது ரிடையரான வாத்தியார் வருகிறார், பேங்க் ஆபீசர் வருகிறார், இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை வருகிறான். கையில் தூக்கிப் போகிற அளவுக்குச் சின்ன இன்வெர்ட்டர் மிஷின் வந்துவிட்டது. வீட்டு கரண்டிலேயே ஓடுகிறது. பூந்தொட்டி ஸ்டாண்டு, நாய்க்கூண்டு, பழைய பைக்குக்கு கேரியர் என்று மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் அமர்க்களப்படுகிறது. நல்ல பொழுதுபோக்குதான், நான் குறை சொல்லவில்லை.

இவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது, நெருப்பு பிடித்ததும் தானாகக் கறுக்கிற ஹெல்மெட். இரண்டு மூன்று வருஷத்தில் அது மக்கர் பண்ண ஆரம்பிக்கிறது. உடனே புதுசு வாங்கக் கிளம்புகிறார்கள். தப்பு நடப்பது அந்த இடத்தில்தான்.

முதலில் அந்தக் கண்ணாடியின் சூட்சுமத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ஒன்று, நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை மங்கலாக்குவது. கால்குலேட்டரில் எண்களைக் காட்டுகிறதே, அதே மாதிரியான திரவப் படிகம்தான் இதைச் செய்கிறது. சென்சார் வெளிச்சத்தைப் பார்த்ததும் மின்சாரம் பாய்ந்து, கண் இமைப்பதற்குள் கறுத்துவிடும். இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுப்பது. இதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை. முன்னால் பதித்திருக்கிற வடிகட்டிக் கண்ணாடிதான் அதைச் செய்கிறது. ஒழுங்கான ஹெல்மெட்டில் பேட்டரி செத்துக் கண்ணாடி கறுக்காமல் போனாலும் அந்தக் காப்பு அப்படியே இருக்கும். கண் கூசும், ஆனால் வேகாது.

கறுப்பு வேறு, காப்பு வேறு. இது தெரியாததால்தான், கடையில் ஹெல்மெட்டைப் போட்டுப் பார்த்து, 'ஆகா, பளிச்னு கறுக்குதே!' என்று காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வடிகட்டி சரியில்லாத ஹெல்மெட்டிலும் கறுப்பு நன்றாகவே வரும். கூச்சம் இருக்காது, சுகமாகப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார்கள். கருவிழியின் மேல்தோல் மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். அப்போது வலிக்கவும் வலிக்காது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் கண்ணில் மண்ணை அள்ளிக் கொட்டின மாதிரி ஆரம்பிக்கும். 'மத்தியானம் பண்ணின வேலைக்கு இப்பவா வலிக்கும்?' என்று நம்ப மறுக்கிறவர்களும் உண்டு.

ஒருநாள் வலியோடு போனால் பரவாயில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017-ல் கூடி ஆராய்ந்தது. வெல்டிங்கில் வரும் புற ஊதாக் கதிரையும் வெல்டிங் புகையையும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. கதிரைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது கண்ணுக்குள் வருகிற மெலனோமா என்ற புற்றுநோய். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் வெல்டிங் பண்ணுகிறவர் இதைப் படித்துவிட்டு நடுங்க வேண்டாம். நாள் முழுக்க நெருப்பின் முன்னால் உட்காருகிறவர் கணக்கு வேறு. ஆனாலும் கண்ணாடியில் கஞ்சத்தனம் கூடாது என்பதற்கு இது போதாதா?

சரி, பழைய ஹெல்மெட்டை உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டுமா? அதை முதலில் பாருங்கள். முகப்பில் இருக்கிற பிளாஸ்டிக் தகடு பொறி தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்திருக்கும். அதை மட்டும் மாற்றினாலே பாதிப் பேருக்குப் பார்வை தெளிந்துவிடும். கறுப்பும் வெளுப்புமாக மின்னுகிறதா? பேட்டரி தீர்ந்திருக்கலாம், அல்லது சென்சாரில் தூசி அப்பியிருக்கலாம். பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டுகிற மாடல் என்றால் சின்னச் செலவோடு போயிற்று. பேட்டரியை உள்ளே வைத்து ஒட்டிவிட்ட மாடல் என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆகவே புதுசு வாங்கும்போது பேட்டரி மாற்றலாமா, முகப்புத் தகடு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். நடுக்கண்ணாடியிலேயே கீறலோ விரிசலோ இருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

புதுசில் என்ன பார்ப்பது? புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்று வீட்டில் சோதிக்க நம்மிடம் வழியில்லை. டெஸ்ட் பொத்தானை அழுத்துவது, ஹெல்மெட்டைக் கையில் பிடித்து வெயிலில் காட்டுவது எல்லாம் கறுக்கிறதா என்பதற்கான சோதனைதான். எனவே கண்ணாடிச் சட்டத்தில் பொறித்திருக்கிற தர எண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஐரோப்பியத் தரம் என்றால் ஈ.என். 379, அதற்குப் பின்னால் வந்தது ஐ.எஸ்.ஓ. 16321. அமெரிக்கத் தரம் என்றால் இஸட் 87. அதோடு தயாரிப்பாளரின் அடையாளமும் இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மட்டும் அச்சடித்து, கண்ணாடியில் ஒன்றுமே இல்லாத சரக்கை நான் காசு கொடுக்காமல் தந்தாலும் வாங்க மாட்டேன். நெருப்பு படமும் மண்டையோட்டுப் படமும் வரைந்திருப்பது தர முத்திரை ஆகாது!

கறுப்பின் அளவுக்கும் எண் உண்டு. 9 முதல் 13 வரை திருகி வைக்கிற மாதிரி வரும். வீட்டில் மெல்லிய ராடு போட்டு, நூறு ஆம்பியருக்கு முன்னே பின்னே வேலை செய்கிறவருக்கு 10 அல்லது 11 போதும். 'அதிகக் கறுப்பு அதிகப் பாதுகாப்பு' என்று 13-ல் வைத்தால் உருகுகிற இடமே தெரியாது. தெரியாததால் முகத்தைக் கிட்டே கொண்டுபோவார்கள், புகையைக் குடிப்பார்கள். சென்சார் இரண்டைவிட நான்கு இருப்பது நல்லது. கையோ குழாயோ ஒன்றை மறைத்தாலும் மற்றது பார்த்துக்கொள்ளும். கிரைண்டிங்குக்கு என்று ஒரு நிலை இருக்கும். அதில் வைத்தால் கண்ணாடி கறுக்கவே கறுக்காது. திரும்ப மாற்ற மறந்து ராடைத் தட்டி, 'ஹெல்மெட் ரிப்பேர்' என்று திட்டுகிறவர்கள் உண்டு.

நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடு நேராக வரவில்லை என்றால் கை நடுங்குகிறது என்று அர்த்தமில்லை, வெள்ளெழுத்து வந்திருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் உருப்பெருக்கு லென்ஸ் சொருக இடமுள்ள ஹெல்மெட்டாக வாங்குங்கள். எடையையும் பாருங்கள். பழைய ரக ஹெல்மெட்டைத் தலையை வெடுக்கென்று ஆட்டிக் கீழே இறக்குவார்களே, அந்த ஆட்டலால் கழுத்துப் பிடித்து என்னிடம் எண்ணெய் வாங்கிப் போனவர்கள் நிறைய. தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டின் பெரிய லாபமே இதுதான் என்பேன்.

விலை? 'தரம் பொறித்தது விலை ஜாஸ்தி, வாரத்துக்கு ஒரு நாள் வேலைக்கு எதுக்கு சார் அவ்வளவு?' என்று கேட்கிறார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால், எண் பொறித்த சாதாரணக் கறுப்புக் கண்ணாடி போட்ட பழைய ரக ஹெல்மெட்டையே வாங்குங்கள். அதில் சென்சார் இல்லை, பேட்டரி இல்லை, கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. அடையாளம் இல்லாத ஆட்டோமேட்டிக்கை விட அது ஆயிரம் மடங்கு மேல். சௌகரியம் குறைவுதான், என்ன செய்வது!

அதைவிட முக்கியமாக, ஒன்று வாங்கப் போகிறவர் இரண்டாக வாங்குங்கள். என்னிடம் வருகிற வீட்டுக் கேஸ்களில் வெல்டிங் செய்தவரைவிட, பக்கத்தில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவிதான் அதிகம் அவஸ்தைப்படுகிறார். 'நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுத்தானே பிடிச்சேன்' என்பார். வெள்ளைச் சுவரிலும் பளபளப்பான தகட்டிலும் பட்டுத் திரும்புகிற கதிருக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் கிடையாது. கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. வேடிக்கை பார்க்கிற குழந்தைகளைக் கீழே அனுப்பிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட கைப்பிடி ஷீல்டு ஒன்று கூட இருந்தால் போதும், வீட்டம்மா தப்பிப்பார். பைப்பைப் பிடிக்க 'சி' கிளாம்ப் வாங்கிக்கொண்டால் அவர் நிற்கவே வேண்டாம்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டவருக்கு ஆர்க் வெளிச்சத்தில் லென்ஸ் கருவிழியோடு ஒட்டிக்கொண்டது என்று ஒரு கதை ரொம்ப வருஷமாக உலவுகிறது. அது வெறும் புரளி. ஆனால் ஆர்க் அடித்துவிட்டால் லென்ஸைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

அடித்தே விட்டால் என்ன செய்வது? சித்த வைத்தியன் நான் இதைச் சொல்வது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, எதையும் விடாதீர்கள். எங்கள் சாஸ்திரத்தில் கண்ணுக்கு 96 நோய் சொல்லியிருக்கிறது. நந்தியாவட்டையின் அருமையும் எங்களுக்குத் தெரியும். ஆனால் இப்போது உங்கள் கருவிழி தோல் உரிந்த புண். அதில் தோட்டத்துச் சாறும் அடுப்படிக் கிண்ணமும் கொண்டுவருகிற கிருமி, இரண்டு நாளில் ஆறுவதை இரண்டு மாதத்துக்கு இழுத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் 'வெல்டிங் டிராப்ஸ்' என்று கேட்டு, மரத்துப்போக வைக்கிற மருந்தை வாங்கி ஊற்றிக்கொள்வது அதைவிட ஆபத்து. வலி போகும், புண் ஆறாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

கசக்காமல், இருட்டறையில் கண்ணை மூடிப் படுங்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய இமைமேல் வையுங்கள். விடிந்ததும் கண் டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். ஒரு கண்ணில் மட்டும் உறுத்தல் நிற்கவில்லை, பார்வை மங்குகிறது என்றால் அது ஆர்க் இல்லாமல் கிரைண்டிங்கில் தெறித்த இரும்புத் துணுக்காக இருக்கலாம். காலைவரைகூடக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.