ஒரு படகுக்கு எதுக்கு ரெண்டு ப்ரொப்பெல்லர்?

கோவாவுக்குப் பொட்டி தூக்கிட்டு வந்ததும் நண்பரோட கூட்டா ஒரு மோட்டார் படகு வாங்கினேன். இப்ப ரெண்டாவது ப்ரொப்பெல்லர். "இருக்கறது ஒரு எஞ்சின்தானே?"ன்னு தங்கமணி முறைக்கறாங்க.

நாங்க ரெண்டு பேர் மட்டும்னா 19 இஞ்ச் பிட்ச் ஜோரா போகும். (பிட்ச்னா, ஒரு சுத்துக்குக் கணக்குப்படி முன்னேறுற தூரம்.) தீபாவளிக்கு வந்த சித்தப்பா குடும்பத்தோட ஏழு பேர் ஏறினோம். மாண்டவி முகத்துவாரம், அகுவாடா பக்கம் அலை எழும்புற இடம். த்ராட்டிலை முழுசாத் தள்ளியும் 4,400 ஆர்பிஎம் தாண்டலை. எங்க எஞ்சினுக்கு 5,000 முதல் 6,000 வேணும். படகு மூக்கைத் தூக்கிட்டு முக்குது, சித்தி முருகனைக் கூப்பிடறாங்க. எனக்கு உள்ளுக்குள்ள உதறல்.

பிட்ச் ஒரு இஞ்ச் குறைஞ்சா சுமாரா 150-200 ஆர்பிஎம் கூடும். அதான் 15 இஞ்ச் வாங்கினேன். வேகம் குறையும்... குறையட்டுமே! அதையே எப்பவும் போடலாமேன்னா, ஆள் கம்மியா இருக்கறப்ப எஞ்சின் அளவுக்கு மீறிச் சுத்தும். பாரத்தோட முக்கினாலும் எஞ்சினுக்குத்தான் கேடு. எஞ்சின் விலைக்கு முன்னால அலுமினிய ப்ரொப்பெல்லர் ஒரு செலவே இல்லைங்க. ஒண்ணு பாறையில இடிச்சு வளைஞ்சாலும் இன்னொண்ணை மாட்டிக் கரை சேரலாம் (ஸ்பானர், ஸ்ப்ளிட் பின் படகுலயே இருக்கணும்).

21 இஞ்சும் வாங்கினா பறக்கலாம்ங்கறார் நண்பர். அதுக்கு என் ஓட்டு கிடையாது.

சித்தி மட்டும் இனி பஸ்லதான் ஊர் சுத்துவாங்களாம்.