ஓட்டம் நின்ற பிறகு

சீனத்தின் தென்கோடியில் மக்காவ் என்று ஒரு சிறு நகரம். அங்கே 1960களிலிருந்து நாய்ப் பந்தயம் நடந்து வந்த மைதானம் ஒன்று 2018 ஜூலையில் மூடப்பட்டது. பந்தயம் நடத்தியவர்கள் கணக்கை முடித்துக் கொண்டு போய்விட்டார்கள். கொட்டிலில் 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்ட் நாய்கள் மிஞ்சி நின்றன. பிராணிகள் நலனில் அக்கறை கொண்டவர்கள் பல தேசங்களில் வீடு தேடி, ஒவ்வொன்றாக அவற்றை விமானம் ஏற்றினார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2018ல் ஜனங்களே வாக்களித்துப் பந்தயத்தை ஒழித்தார்கள். 2020 முடிவோடு அங்கே ஓட்டம் நின்றது. அங்கேயும் ஆயிரக்கணக்கான நாய்களுக்கு வீடு தேட வேண்டியிருந்தது.

மறையூரிலும் மூணாறு மலையிலும் இருக்கிற நமக்கு இந்தக் கதை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கிரேஹவுண்ட் எந்த ரகமோ, ஏறத்தாழ அதே ரகம்தான் நம் சீமையின் சிப்பிப்பாறையும் கன்னியும். ஒடுங்கிய வயிறு, நீண்ட கால், மோப்பத்தை விடக் கண்ணை நம்பி ஓடுகிற சுபாவம். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் பொங்கலுக்கு ஊர் போய்விட்டுத் திரும்பும்போது குட்டி ஒன்றைப் பையில் போட்டு மலைக்குக் கொண்டு வருவது புதிதல்ல. முயலுக்குப் பின்னால் ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்த ஜாதி அது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வந்தபின் முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. சின்னாறு சரணாலயம் வாசலில் இருக்கிற மறையூரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக, அந்த நாய்க்குச் சட்டப்படி செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. இருந்தும் வாங்குகிறோம், நாலு பேர் பார்க்க நடத்திக் கொண்டு போக ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் ஐந்தாறு வருஷம் கழித்து அது படுத்த இடத்திலேயே கிடக்கும்போது என்ன செய்வதாக உத்தேசம்?

பந்தய கிரேஹவுண்டுகளை வீட்டில் வளர்த்தவர்களின் அனுபவம் நமக்கு இங்கேதான் பயன்படும். பந்தயத்தில் ஓடும் நாய் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடும். அதன் ஆயுளோ பன்னிரண்டு வருஷம் வரை போகும். பிறந்ததிலிருந்து கொட்டிலும் மைதானமும் தவிர வேறெதையும் பார்க்காத பிராணி. மாடிப்படி தெரியாது; கண்ணாடிக் கதவு தெரியாது; வழவழப்பான சிமெண்டுத் தரையில் காலை வைக்கவே பயப்படும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது வீட்டுக்கு வந்ததும் நாளில் பாதிக்கு மேல் தூங்கும். தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது, திடுக்கிட்டுக் கடித்துவிடலாம். தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை முதலில் சொல்லி வைக்க வேண்டும். சாலை ஓரத்தில் சங்கிலியைக் கழற்றக் கூடாது. எதிரே ஒரு பூனை ஓடினால் போதும், பின்னால் வருகிற லாரி அதன் கண்ணுக்குத் தெரியாது.

உடம்பில் கொழுப்பு கிடையாது, மயிரும் மெல்லியது. காந்தலூரிலும் வாகுவாரையிலும் மார்கழி தையில் இறங்குகிற குளிர் நமக்கே எலும்பில் ஏறுகிறது. அதற்குப் பழைய கம்பளி ஒன்று, மடித்த சாக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். வெறுந்தரையில் படுத்தால் முட்டிகளில் புண் விழும். விலா எலும்பு தெரிகிறதே என்று சோறு சோறாகப் போட்டுக் கொழுக்க வைப்பதும் கெடுதல். லேசாக விலா தெரிவது இந்த ஜாதிக்கு இயல்பு. ராத்திரி லயத்து வாசலில் கட்டிப் போடுவதோ சிறுத்தைக்கு இலை போட்டு வைப்பது மாதிரி. தோட்டப் பகுதிகளில் சிறுத்தைக்கு எத்தனை நாய் போயிற்று என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வைத்தியத்திலும் இந்த ஜாதி தனி. கிரேஹவுண்டின் ரத்தத்தில் சிவப்பணு மற்ற நாய்களை விட அதிகம். பழக்கமில்லாத டாக்டர் அதையே நோய் என்று நினைத்துவிடக் கூடும். சில மயக்க மருந்துகள் தெளிய அதற்கு நெடுநேரம் பிடிக்கும். நம் வேட்டை நாய்க்கு ஆபரேஷன் என்றால் இது கண்ணால் ஓடுகிற ஜாதி என்று கால்நடை ஆஸ்பத்திரியில் முதலிலேயே சொல்லி விடுவது நல்லது. கிரேஹவுண்டுகளை அதிகமாகக் கொண்டு போவது எலும்புப் புற்றுநோய். முதல் அறிகுறி லேசான நொண்டல். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தால் மாதங்கள் ஓடிவிடும். கடைசியில் ஒரு நாள் நடக்கும்போதே கால் முறியும். அதற்குப் பிறகு பெரும்பாலும் வலி தெரியாமல் ஊசி போடுவதுதான் மிச்சம். அந்த வேளையில் தலையை மடியில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது வளர்த்தவர்தான். டாக்டரிடம் விட்டுவிட்டு வெளியே போய் நிற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்நியக் கையில் பயந்து சாகவா அத்தனை வருஷம் நம் வாசலில் படுத்திருந்தது?

வேலை வாங்கியவர்களே பிற்காலத்தைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணம் நம் தேசத்தில் மெதுவாகத்தான் வந்தது. ராணுவத்தில் பணிக்கு உதவாத நாய்களைக் கொன்று விடும் வழக்கம் 2015ல் வெளியே தெரிந்து வழக்கு, கூச்சல் எல்லாம் ஆன பிறகே மாறியது. கேரளக் காவல்துறை 2019ல் திருச்சூர் ராமவர்மபுரம் போலீஸ் அகாடமியில் ஓய்வு பெற்ற நாய்களுக்காக ‘விஸ்ராந்தி’ என்ற இல்லத்தைத் திறந்தது. பாராட்ட வேண்டிய காரியம். மறையூர்ச் சந்தனக் காட்டில் திருடர்களைத் துப்புத் துலக்கிய வனத்துறை நாய்களுக்கும் இந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

சர்க்காரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியுமா? தோட்டத்தில் வேலை முடிந்தால் லயத்து அறையையும் ஒப்படைத்துவிட்டு இறங்க வேண்டும். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவருக்கே அந்த மண்ணில் தங்க ஒரு சென்ட் இடம் இருக்காது. அப்படி இறங்குகிற குடும்பத்தின் நாய் லயத்து முற்றத்தில் பூட்டிய கதவைப் பார்த்துக் கொண்டு நிற்கிறது. இது கல்நெஞ்சத்தால் நடப்பதல்ல. தனக்கே இடம் எங்கே என்று தெரியாதவர் நாய்க்கு எங்கே இடம் பார்ப்பார்? ஆகையால் இந்தக் கேள்வியில் பாதியைத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் பதில் சொல்ல வேண்டிய வீட்டுப் பிரச்னையாகத்தான் நான் பார்க்கிறேன். மறு பாதி நம்முடையது. 1960ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி, பசி தாகத்தால் துன்பப்படும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! இதற்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை.

பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களோடு 70 உயிர்கள் போயின. வீட்டாரை இழந்த குவி என்ற நாய் நாள்கணக்கில் ஆற்றோரம் அலைந்து, எட்டாம் நாள் தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டியது. அது வேட்டை நாயுமல்ல, மோப்பப் பயிற்சி பெற்றதுமல்ல. லயத்தில் சோறு தின்று வளர்ந்த சாதாரண நாய். பிறகு சாப்பிடாமல் கிடந்த அதை இடுக்கி போலீஸ் நாய்ப் பிரிவைச் சேர்ந்த பயிற்சியாளர் அனுமதி வாங்கித் தன்னோடு அழைத்துப் போனார். பொறுப்பேற்க ஒருவர் முன்வந்ததால் அந்த நாய்க்கு வழி பிறந்தது.

லயத்தை விட்டு இறங்கும் தேதி தெரிந்த நாளிலேயே நாய்க்கும் இடம் பேசத் தொடங்க வேண்டும். அடுத்த அறைக்காரரோ, அஞ்சுநாட்டில் கரும்பு போட்டிருக்கிற தெரிந்தவரோ எடுத்துக் கொள்வாரா என்று கேட்கலாம். கொடுக்குமுன் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, அந்தச் சீட்டையும் அது படுத்த சாக்கையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பழகின வாசனை இருந்தால் புது இடத்தில் சீக்கிரம் படுக்கும். ஒருவரும் கிடைக்காவிட்டால், கட்டிலும் பீரோவும் ஏறுகிற உடுமலை லாரியில் அதையும் ஏற்றிக் கொள்ளுங்கள்.