ஒட்டாத பிள்ளை

வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் பதின்பருவத்தினரைப் பற்றி, "எவ்வளவு செய்தும் ஒட்டவில்லையே" என்று பராமரிப்போர் வருந்துவதுண்டு. அதனை நன்றியின்மையாகக் கொள்வதை நாம் ஏற்பதற்கில்லை.

ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், காப்பகக் குழந்தைகள் 136 பேருள் பாதிப்பேர் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் சென்றவர்களின் பிணைப்புத் திறனும் மூளை மின்னலைகளும் மிகுதியாகத் தேறின. அவ்வாறாயின் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் காலம் கடந்துவிட்டதா? இல்லை. காப்பகங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்டவர்களிடம், நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் முன்பு மந்தமாயிருந்து, பருவமடையும் காலத்தில் இயல்பை நெருங்கியதை மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் காட்டினர். மூளை மறுபடியும் கற்க முன்வரும் காலம் அது. எதைக் கற்கும் என்பது உடனிருப்போரைப் பொறுத்தது.

பலமுறை வீடு மாறிய பிள்ளைக்கு, சொல்லாமல் அகலும் துணையே பேரச்சம். (ஊசியின்போது முகந்திருப்பினால் 'அழுத்தக்காரப் பிள்ளை' என்பது நமக்கு உவப்பன்று.) ஆதலின் உள்நோயாளியாக இருக்கும் நாள்களில் இயன்றவரை ஒருவரே துணையிருங்கள். வெளியே செல்கையில் திரும்பும் நேரத்தைக் கூறுங்கள். மருந்தக வரிசையில் தாமதமானால் செவிலியர் வழியாகச் சொல்லி அனுப்புங்கள்.