எட்டாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

ஐப்பசி பிறந்தால் நான் பரவனாற்றைப் பற்றி எழுதுவேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். இந்த வாரமும் அதற்குத்தான் உட்கார்ந்தேன். கடலூர் மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை வந்துவிட்டது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பொங்கிவிடும். இறைத்த தண்ணீர், குழியில் விழுந்த மழைத்தண்ணீர், மேட்டிலிருந்து வழியும் வெள்ளம் எல்லாம் பரவனாற்றில் சேரும்போது கீழே இருக்கும் வயல்களின் கதி என்ன என்ற பழைய கேள்வியை மறுபடியும் கேட்பதாக இருந்தேன்.

இடையில் மழைச்செருப்பு வாங்க நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே பார்த்ததிலிருந்து மனம் ஆற்றுப் பக்கம் திரும்ப மறுக்கிறது.

எனக்கு முன்னால் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். சுரங்கத்தில் கன்வேயர் ஓரம் சிந்திய மண்ணை அள்ளிப் போடும் ஒப்பந்த வேலை. ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறான்; பேண்ட்டின் முழங்கால் வரை செம்மண் காய்ந்து ஒட்டியிருந்தது. பழைய பூட்ஸைக் கழற்றினான். இரண்டு சுண்டுவிரல்களின் மேலும் ஆணி காய்ச்சுப்போயிருந்தது. வலது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. விரலிடுக்கெல்லாம் ஊறி வெளுத்த சேற்றுப்புண்.

“எட்டாம் நம்பர் சேஃப்டி ஷூ கொடுங்கண்ணே.”

போட்டுப் பார்த்தான். நீளம் சரி, பக்கவாட்டில் பிடித்தது. முகத்தைச் சுளித்தான். கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “ஒம்பது போட்டுக்க தம்பி. முன்னாடி கொஞ்சம் பஞ்சு வச்சிக்க” என்றார்.

“குதிகால் தூக்குதுண்ணே.”

“சேத்துல நாலு நாள் ஊறுனா செட்டாயிடும்.”

கான்ட்ராக்டர் பூட்ஸ் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். “கொடுத்தாங்க சார். ஏழாம் நம்பர்தான் இருந்துச்சு. மாத்திக் கேட்டா, நாளைக்கு வேற ஆளு வந்துடுவான்” என்று சொல்லிவிட்டு, ஒன்பதாம் நம்பருக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்தக் கடையில் காலை அளக்கும் பலகை கிடையாது. நான் பார்த்த எந்தக் கடையிலும் கிடையாது.

பரவனாறு அடுத்த வாரம்.

அந்தப் பையனின் காலில் ஒரு குறையும் இல்லை. குறை அளவில்தான் இருக்கிறது. நம் நாட்டில் ஆண்கள் ஷூவுக்குப் புழங்குவது பிரிட்டிஷ் அளவு. எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். அகலம் அதோடு ஏதோ கொஞ்சம் கூடும். நம் ஆட்களுக்கு வேண்டியது அகலம். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கால்களை அளந்து பார்த்தது. இந்தியக் கால் அகலமானது, அகலம் தேடித்தான் நாம் தேவைக்கு மேல் நீளமான ஷூவை மாட்டிக்கொள்கிறோம் என்று கண்டது. நமக்கென்று ‘பா’ என்ற புதிய அளவு முறையையும் பரிந்துரைத்திருக்கிறது. மந்தாரக்குப்பத்துப் பஞ்சு வைத்தியம் தேசம் முழுக்க நடக்கிறது.

ஆபீசுக்குப் போகிறவர் ஒரு நம்பர் கூடப் போட்டால் நடை கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். சுரங்கத்துக்கு அது ஆகாது. கால் வளையும் இடத்தில் பூட்ஸ் வளைய வேண்டும். நம்பர் கூடினால் அந்த இடம் முன்னால் தள்ளிப் போகிறது. குதிகால் ஒவ்வோர் அடிக்கும் ஏறி இறங்கி உரசுகிறது. வழுக்குகிற ஈரக் களிமண்ணில், ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் காலடி தடுமாறுகிறது. நம்பர் குறைந்தால் அது வேறு கொடுமை. விரல்களுக்கு மேலே இருக்கும் இரும்புத் தொப்பி 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும் என்று ஐ.எஸ். 15298 தரவிதி சொல்கிறது. 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. அதைத் தாங்கும் இரும்பு, உள்ளே நெருக்குகிற சுண்டுவிரலுக்காக ஒரு நூல்கூட விலகாது. ‘போடப் போடப் பழகிடும்’ என்பது தோலுக்குப் பொருந்தும். இரும்புக்குப் பொருந்தாது.

இங்கத்து மண்ணையும் சொல்ல வேண்டும். நிலக்கரிக்கு மேலே கிடப்பது கடலூர் மணற்கல். உப்புத்தாள் போல அராவும். ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களின் எஃகுப் பற்களையே அது மழுங்கடித்தது. வெடிவைத்துத் தளர்த்திவிட்டு வெட்டுகிற முறையும் உறுதியான பற்களும் அதற்குப் பிறகு வந்தவை. இயந்திரத்தின் பல் தேய்ந்தால் மாற்றிவிடுகிறார்கள், மாற்றத்தான் வேண்டும். அதே மண்ணில் நாளெல்லாம் நடக்கிற சோல் தேய்வதை அந்த அக்கறையோடு யார் பார்க்கிறார்கள்?

சோல் விஷயத்தில் இன்னொன்று. மலிவாகவும் லேசாகவும் கிடைப்பது பி.யூ. (பாலியூரித்தேன்) சோல். காய்ந்த தரைக்கு நல்லதுதான். ஆனால் ஈரக்காற்று பட்டுப்பட்டு அது தானாகவே உளுத்துப்போகும். கடலோர மாவட்டத்துக் குடோனில் சில வருடம் கிடந்த பூட்ஸ், பெட்டியைப் பிரிக்கும்போது புத்தம் புதிதாகத்தான் இருக்கும். போட்டு நடந்தால் சோல் பொருக்குப் பொருக்காக உதிரும். தயாரித்த மாதமும் வருடமும் பார்க்காமல் வாங்காதீர்கள். அனல்மின் நிலையத்தில் சூடான சாம்பல் பக்கம் வேலை என்றால் நைட்ரைல் ரப்பர் சோல் கேளுங்கள். அதிக வெப்பம் தாங்கும், எண்ணெயும் தாங்கும். கனம் கூடுதல், விலையும் கூடுதல். நடவு வயலுக்கும் முந்திரிக்காட்டுக்கும் போகிறவர்களுக்கு இரும்புத் தொப்பி வேண்டாம், முழங்கால் வரை வரும் கம் பூட்ஸ் போதும். பாம்புக்கடியிலிருந்தும் முள்ளிலிருந்தும் பெருமளவு காக்கும்.

இங்கே எனக்கு டாக்டர் பால் பிராண்ட் நினைவுக்கு வருகிறார். அவர் எழுதிய வலி பற்றிய புத்தகத்தை இந்தப் பத்தியில் முன்பும் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். 1914-இல் பிறந்து கொல்லிமலையில் சிறுவனாக வளர்ந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால் விரல்கள் குறைந்துபோவதற்குக் காரணம் நோய் சதையைத் தின்பதுதான் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். அப்படியில்லை என்று வேலூரிலும் பக்கத்துக் காரிகிரியிலும் பொறுமையாக உட்கார்ந்து கண்டுபிடித்தவர் அவர். நோய் நரம்பை மரக்க வைக்கிறது. மரத்த காலில் ஆணி குத்தினாலும் தெரியாது, ஷூ கடித்தாலும் தெரியாது. புண் ஆறுவதற்கு முன்பே அதே இடத்தில் மறுபடி மிதித்து மிதித்துக் காலைத் தேய்த்துவிடுகிறார்கள்.

அவர் கண்டதில் என்னை உலுக்கியது, பெரிய காயம் வேண்டியதில்லை என்பது. 1966-க்குப் பிறகு அமெரிக்காவில் கார்வில் மருத்துவமனையில் எலிகளின் பாதத்தில் லேசான அழுத்தத்தை ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார். ஓரிரு முறை பட்டால் ஒன்றும் செய்யாத அதே அழுத்தம், நாள்தோறும் ஒரே இடத்தில் விழுந்தபோது சதை சிவந்து, வீங்கி, புண்ணாக உடைந்தது. நமக்கெல்லாம் ஏன் உடைவதில்லை? வலிப்பதற்கு முன்பே உடம்பு அறிந்துகொள்கிறது. சற்று நொண்டுகிறோம், பாரத்தைப் பாதத்தின் ஓரத்துக்கு மாற்றுகிறோம், உட்கார்ந்துவிடுகிறோம். நம் கால் நிமிடத்துக்கு நிமிடம் தன்னைத் திருத்திக்கொண்டே நடக்கிறது. மரத்த கால் முதல் அடியை வைத்த மாதிரியே ஆயிரமாவது அடியையும் வைக்கிறது. அந்தக் கால்களுக்காக மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செருப்புச் செய்ய வைத்தார் பிராண்ட். தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்தது. எலும்பையும் தசைநாணையும் அறுத்துத் தைக்கத் தெரிந்த ஒரு சர்ஜன், செருப்பின் அடிப்பாகத்தைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாரே, அதற்காகவே அவரைக் கும்பிடுவேன்.

மந்தாரக்குப்பத்துப் பையனுக்குக் கால் மரக்கவில்லை. அவனுக்கு வலிக்கிறது. வலிப்பதைச் சொன்னால் வேலை போகும் என்று பயப்படுகிறான். வலி தெரியாத காலுக்கும் வலியைச் சொல்ல முடியாத காலுக்கும் முடிவு ஒன்றுதான்: அதே இடத்தில், அதே அழுத்தம், ஷிப்டுக்கு ஷிப்டு. நொண்டக்கூட அவனுக்கு உரிமையில்லை. நொண்டினால் மேஸ்திரி பார்ப்பார். நாற்பது வயதைத் தாண்டிய ஒப்பந்தத் தொழிலாளிகளை நினைத்தால் பயமே வருகிறது. சர்க்கரை வந்து கால் மெல்ல மரக்கத் தொடங்கியிருக்கும். ஒரு நாள் பூட்ஸ் கடிப்பது நின்றுபோகும். பழகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. நேரு 1957 மே 20 அன்று நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டில் வந்த நிலக்கரிச் சுரங்க விதிகள், பாதுகாப்புக் காலணி இல்லாமல் ஒருவரும் சுரங்கத்தில் வேலை செய்யக்கூடாது என்றன. அதை இலவசமாகத் தர வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது, கேட்டவுடன் கொடுக்கக் கையிருப்பு வைத்திருக்க வேண்டும், கழுவிக்கொள்ள வசதியும் செய்து தர வேண்டும் என்றும் எழுதின. நிரந்தரத் தொழிலாளிக்கு இப்படி, ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படி என்று அதில் பிரிவினை இல்லை. 2017-இல் விதிகளைப் புதிதாக எழுதியபோதும் இந்தக் கடமை போகவில்லை. ஏழாம் நம்பரை எட்டாம் நம்பர் காலுக்குக் கொடுத்துவிட்டு வினியோகப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது, என் கணக்கில், கொடுக்காததற்குச் சமம்.

பூட்ஸ் வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் போகாதீர்கள், ஷிப்டு முடிந்து கால் வீங்கியிருக்கும்போது போங்கள். வேலைக்குப் போடும் அதே தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நின்று காலைச் சுற்றிக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போய், பூட்ஸை அதன் மேல் வைத்துப் பாருங்கள்; கோடு வெளியே தெரிந்தால் அந்த பூட்ஸ் உங்களுக்கு இல்லை, நம்பர் என்ன சொன்னாலும் சரி. ஒரே நம்பரில் அகலமான அச்சு சில கம்பெனிகளிடம் உண்டு, கேட்டு வாங்குங்கள். நனைந்த பூட்ஸைச் சூடான குழாய் மேல் காயவைக்காதீர்கள், தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். தினமும் மாட்டுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள்: கல் இருக்கலாம், ஆணி முளைத்திருக்கலாம், மழைக்காலத்தில் பூரான் இருக்கலாம். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால், தினமும் இரவில் அவர் பாதத்தைப் பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடட்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தையும் பணி நிரந்தரத்தையும் கேட்கும்போது, ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவரின் காலையும் நீளம், அகலம் இரண்டும் அளந்து பூட்ஸ் தர வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கேட்டவரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது என்று அடுத்த வரியில் எழுதுங்கள். மழை தொடங்கிவிட்டது, சேறு மூன்று மாதம் இருக்கும்.