இலைக் கணக்கு குறையாத எளிமை

மேடையில் ஜிகினாத் தோரணம் போய் வெள்ளைத் துணியும் நாலு பச்சைக் கொத்தும் வந்துவிட்டால், அதற்கு 'மினிமல் கல்யாணம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். கீழே பந்தியில் அதே ஆயிரம் இலை. கல்யாணச் செலவு ஏறுவதும் இறங்குவதும் அந்த இலைக் கணக்கில்தான். மண்டபத்தின் அளவு, சமையல் ஆட்கள், பத்திரிகை, தாம்பூலப் பை, வெளியூர்க்காரர்களுக்கு அறை, வேன் எல்லாம் அதன் பின்னால் வருபவை. எளிமை வேண்டுவோர் டெகரேஷன்காரரைப் பார்க்கும் முன் அழைப்புப் பட்டியலில் பேனா வைக்க வேண்டும். சட்டம் கேட்பதும் கொஞ்சம்தான். 1968-ல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த இந்து திருமணச் சட்டத் திருத்தத்தின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்று, மாலை மாற்றினாலே போதும். மோதிரமோ தாலியோ ஆனாலும் சரி. ஊரறிய நடத்த வேண்டியதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2020 ஊரடங்கில் 50 பேரோடு நடந்தவை எதுவும் அரைக் கல்யாணமாகிவிடவில்லை.

"இத்தனை வருஷம் செய்ததைத் திரும்ப வாங்க வேண்டாமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இதைப் பேராசை என்று தள்ளுவது அநியாயம். மண்டப வாசலில் மேசை போட்டு ஊர், பெயர், தொகை என்று வரிவரியாக எழுதும் மொய் நோட்டு, வட்டியில்லாக் கடன் கணக்கு. ஊரெல்லாம் ஐநூறும் ஆயிரமுமாகச் செய்த குடும்பம் 50 பேரோடு முடித்துக்கொண்டால், போட்ட பணம் அடுத்தவர் நோட்டிலேயே கிடக்கும். ஆனால் மொய் வாங்கக் கல்யாணம்தான் வேண்டும் என்பதில்லை. பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து என்றே தனியாக வைத்து, கறிச்சோறு போட்டு வாங்குகிறார்கள். முகூர்த்தத்தை வீட்டோடு வைத்துக்கொண்டு, மொய்க்கு ஒரு மதியச் சாப்பாடு போடலாமே. அப்போதும் இலை குறையவில்லையே என்றால், உண்மைதான். ஆனால் மேடை இல்லை, ட்ரோன் இல்லை, இரண்டு நாள் மண்டப வாடகை இல்லை. வருவதிலிருந்தே சாப்பாட்டுக் கடனை அடைத்துவிடலாம்.

கல்யாணத்தை நம்பிப் பிழைப்பவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. பரிமாறுபவருக்குக் கூலி குறையும், மறுப்பதற்கில்லை. நாயனக்காரர் விஷயம் வேறு. ஆயிரம் பேர் மண்டபத்தில் கெட்டிமேளத்துக்கு விரல் ஆட்டும்போது மட்டும் அவர் நினைவு வருகிறது. மற்ற நேரமெல்லாம் ஸ்பீக்கர். 50 பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அவர் ஒரு ராகத்தை எடுத்து முடிக்கலாம்.